தந்தைக்குச் சொல்லப்படாத கதீஷ்: வீசல் குடும்பம், சிகெத் முதல் புக்கன்வால்ட் வரை

எலீ வீசல் எழுதிய ‘இரவு’ என்னும் நினைவு நூல் 1958-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. கடவுளுக்காகவே வாழ்ந்த ஒரு சிறுவன் நாஜி வதைமுகாமில் கடவுளை இழந்த கதை என்றே பெரும்பாலான வாசகர்கள் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். நூலைப் பொறுமையாகப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படுபவர் அச்சிறுவனின் தந்தை ஷ்லோமோ வீசல்தான். எலீ கடவுள்மேல் தொடுத்த வழக்கும், தந்தைக்குத் தான் மகனாக நின்றோமா என்று தன்மேல் தொடுத்துக்கொண்ட வழக்கும் ஒன்றே என்பது என் வாசிப்பு. இந்த ஆய்வு அக்குடும்பத்துக்கு நேர்ந்தவற்றை அந்தக் கோணத்திலிருந்து வரிசையாக எடுத்துப் பார்க்கிறது.

குடும்பமும் ஊரும்

சிகெத், கார்ப்பாத்திய மலைகளின் அடிவாரத்தில், இன்றைய ருமேனியாவின் வட எல்லையில் திசா ஆற்றை ஒட்டி அமைந்த சிறு நகரம். எலீ 1928 செப்டம்பர் 30 அன்று அங்கே பிறந்தபோது அது ருமேனியாவின் ஆட்சியில் இருந்தது. 1940 ஆகஸ்டு 30 அன்று ஜெர்மனியும் இத்தாலியும் சேர்ந்து வியன்னாவில் வழங்கிய தீர்ப்பின்படி வட திரான்சில்வேனியா முழுவதும் ஹங்கேரியின் கைக்குப் போனது. பத்தாயிரத்துக்கும் சற்று அதிகமான யூதர்கள் அவ்வூரில் வாழ்ந்தார்கள். ஊர் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அவர்களே.

ஷ்லோமோ மளிகைக் கடை நடத்தினார். ஊர்ப் பொதுக் காரியங்களில் அவருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது. அயலாரின் துன்பங்களுக்கு நேரம் ஒதுக்கிய அளவுக்கு வீட்டாரிடம் உணர்ச்சியைக் காட்டாதவர் என்று மகன் எழுதுகிறார். தாய் சாரா, ஹசீதியம் என்னும் யூதப் பக்தி இயக்கத்தின் விஷ்னிட்ஸ் மரபைச் சேர்ந்த தோத்யே ஃபைக் என்பவரின் மகள். பக்தியும் பாட்டும் அந்த வழியாக வீட்டுக்குள் வந்தன. ஹில்டா, பியா என்னும் இரு மூத்த சகோதரிகளுக்குப் பின் எலீ, அவருக்குப் பின் கடைக்குட்டி சிப்போரா.

பகலில் தல்மூத் என்னும் யூதச் சமயச் சட்ட நூலைப் படித்து, இரவில் ஜெபக்கூடத்துக்கு ஓடி, எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைத்து அழுத சிறுவன் எலீ. கபாலா என்னும் மறைஞானத்தைக் கற்பிக்க ஓர் ஆசான் வேண்டும் என்று அவர் தந்தையிடம் கேட்டார். முப்பது வயது நிறையாமல் அந்த வழியில் இறங்கக் கூடாது என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டித் தந்தை மறுத்துவிட்டார். ஆகவே ஜெபக்கூடத்தைப் பராமரித்துவந்த மொய்ஷே என்னும் ஏழையைச் சிறுவன் தானே தேடிப்பிடித்து ஆசானாக்கிக்கொண்டார். இந்த ஆய்வுக்கு இது முக்கியமான தொடக்கப்புள்ளி. முகாமுக்கு முன்பு எலீயின் இறைநாட்டம் தந்தையின் விருப்பத்துக்கு வெளியேதான் வளர்ந்தது. அவரும் தந்தையும் உண்மையில் நெருங்கியது முள்வேலிக்குள் போன பிறகே.

எச்சரிக்கைகளும் முடிவுகளும்

1941 கோடையில், குடியுரிமைச் சான்று காட்ட முடியாத யூதர்களை ஹங்கேரிய அரசு எல்லைக்கு அப்பால் ஜெர்மானியப் படையின் பிடியில் தள்ளியது. அவ்வாறு தள்ளப்பட்டவர்களும் உள்ளூர் யூதர்களுமாக ஏறத்தாழ 23,600 பேர் ஆகஸ்டு இறுதியில் உக்ரைனின் கமெனெட்ஸ்-பொடோல்ஸ்கில் மூன்று நாட்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிகெத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அயல்நாட்டு யூதர்களில் மொய்ஷேயும் ஒருவர். கலீசியாக் காடு ஒன்றில் தம்முடன் வந்தவர்கள் தங்கள் குழிகளைத் தாங்களே தோண்டிச் சுடப்பட்டதையும், காலில் காயத்தோடு பிணம்போலக் கிடந்து தாம் தப்பியதையும் அவர் ஊர் திரும்பி வீடு வீடாகச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அவரை நேசித்த மாணவனும் நம்பவில்லை என்று வீசல் எழுதுகிறார்.

ஊரார் அறிவிலிகளாக இருந்ததால் நம்பவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஒரு சமூகம் முழுவதையும், கைக்குழந்தைகள் உட்பட, ஓர் அரசு திட்டமிட்டு அழிக்கும் என்று நம்புவதற்கு அவர்கள் அதுவரை அறிந்த வரலாற்றில் இடமில்லை. கலவரங்களையும் சூறையாடலையும் அவர்களுடைய முன்னோர் பார்த்திருந்தார்கள். அவற்றைப் பொறுத்துக் கடந்திருந்தார்கள். அந்த அனுபவமே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. 1944 ஏப்ரல் 7 அன்று ருடால்ஃப் விர்பா, ஆல்ஃபிரட் வெட்ஸ்லர் என்னும் இரு கைதிகள் ஆஷ்விட்ஸ் என்னும் நாஜிக் கொலைமுகாமிலிருந்து தப்பி, அங்கே நடப்பவற்றை ஸ்லோவாக்கியாவில் விரிவான அறிக்கையாகப் பதிவுசெய்தார்கள். அந்த எச்சரிக்கை சிகெத்தின் சாதாரண மக்களை எட்டவில்லை. உலகின் பெரிய தலைவர்கள் அறிந்திருந்த ஒன்று சாகப்போகிறவர்களுக்கு மட்டும் சொல்லப்படவில்லை என்ற ஆற்றாமை வீசலிடம் வாழ்நாள் முழுவதும் தணியவில்லை.

ஜெர்மானியப் படை 1944 மார்ச் 19 அன்று ஹங்கேரிக்குள் நுழைந்தது. ஏப்ரல் 5 முதல் மஞ்சள் நட்சத்திரம் கட்டாயமாயிற்று. அந்த மாதமே யூதர்களைத் தனியே அடைத்துவைக்கும் அடைப்புக் குடியிருப்புகள் (கெட்டோக்கள்) வந்தன. மே 15 தொடங்கி ஜூலை 9-க்குள், எட்டு வாரங்களில், ஏறத்தாழ 4,37,000 யூதர்கள் ஹங்கேரியிலிருந்து ரயிலேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். யூதர்களை நாடுகடத்தும் பணிக்குப் பொறுப்பான நாஜி அதிகாரி ஐக்மனின் குழு திட்டம் வகுத்தது. வீடு வீடாகச் சென்று மக்களை இழுத்து வந்து வண்டிகளில் அடைத்தவர்கள் ஹங்கேரியக் காவலர்கள். போர் முடிய ஓராண்டே இருந்தது, சோவியத் செஞ்சேனை நெருங்கிக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது இந்த வேகம் இன்னும் கொடியதாகத் தெரிகிறது.

இந்தக் காலப்பகுதியில் குடும்பத்தின் முன் மூன்று வழிகள் வந்து போயின. பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர இன்னும் வாய்ப்பிருந்த நாளில், எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகலாம் என்று மகன் கெஞ்சினார். வேறொரு நாட்டில் அடியிலிருந்து வாழ்க்கையைத் தொடங்கும் வயது தமக்குக் கடந்துவிட்டது என்று தந்தை மறுத்தார். இரண்டாவது, காவல்துறையில் இருந்த ஒரு ஹங்கேரிய நண்பர் ஆபத்து வந்தால் முன்கூட்டிச் சொல்வதாக வாக்களித்திருந்தார். ஓர் இரவு சன்னல் தட்டப்பட்டது, திறப்பதற்குள் ஆள் போய்விட்டார். மூன்றாவதுதான் மனத்தை மிகவும் வதைக்கிறது. முன்பு அவ்வீட்டில் வேலைசெய்த மரியா என்னும் கிறிஸ்தவப் பெண் அடைப்புக் குடியிருப்புக்கு வந்து, தன் கிராமத்தில் ஒளிந்துகொள்ள இடம் தருவதாக அழுது அழைத்தார். பெரிய பிள்ளைகள் போக விரும்பினால் போகலாம், தானும் தாயும் சிறுமியோடு இங்கேயே இருப்போம் என்றார் ஷ்லோமோ. பிரிந்து போகப் பிள்ளைகளுக்கு மனம் வரவில்லை.

குடும்பம் பிரியக் கூடாது என்ற ஒரே கொள்கையில் எடுக்கப்பட்ட முடிவு அது. யூத இல்லத்தில் சப்பாத் என்னும் ஓய்வுநாள் விளக்கும் பஸ்கா விருந்தும் பிள்ளைகளுக்குத் தந்தை தரும் ஆசியும் குடும்பம் கூடியிருப்பதையே வழிபாடாக்குகின்றன. அந்த மக்களுக்குக் குடும்பத்தைக் கலைப்பது உயிரைக் காக்கும் உபாயமாகத் தோன்றாததில் வியப்பில்லை. அந்தப் பற்றின்மீதே வேட்டைக்காரர்கள் தங்கள் கணக்கைப் போட்டிருந்தார்கள்: குடும்பத்தோடு இடம் மாற்றுகிறோம் என்று சொன்னால் குடும்பம் அமைதியாக வண்டி ஏறும். நடந்ததை அறிந்த நாம் இன்று ஷ்லோமோவைக் குறைசொல்வது எளிது. அந்தக் குறைகூறலை மகன் எங்குமே செய்யவில்லை.

முகாமில் மகன்

ஒரு வண்டிக்கு எண்பது பேராக அடைக்கப்பட்டு அவர்கள் ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்க்கெனாவ் வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம் என்ற ஓர் ஆணையில் குடும்பம் இரண்டாகியது. தாய் தங்கை சிப்போராவின் கூந்தலைத் தடவிக்கொண்டே போனதைச் சிறுவன் கண்டார். இனி அவர்களைக் காணப்போவதில்லை என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தெரியாது. பதினைந்து வயதுப் பையனிடம் பதினெட்டு என்று சொல்லவும், ஐம்பது வயதான தந்தையிடம் நாற்பது என்று சொல்லவும் ஒரு கைதி சொல்லிக்கொடுத்தார். அந்தப் பொய் இருவரையும் அன்று காத்தது.

எரிகுழியை நோக்கி நடக்கும்போது சுற்றிலும் இருந்தவர்கள் கதீஷ் சொல்லத் தொடங்கினார்கள். கதீஷ், இறந்தவருக்காகப் பிள்ளை சொல்லவேண்டிய ஜெபம். அதில் மரணம் என்ற சொல்லே கிடையாது. கடவுளின் பெயர் உயர்ந்து பரிசுத்தப்படுக என்ற துதியே அதன் உள்ளடக்கம். உயிரோடிருக்கும்போதே தங்களுக்குத் தாங்களே கதீஷ் சொல்லிக்கொண்டவர்கள் அதற்கு முன் உண்டா என்று வீசல் வியக்கிறார். ஷ்லோமோவின் உதடுகளும் அந்தத் துதியை முணுமுணுத்தன. அதைக் கேட்ட மகனுக்குள் முதன்முறையாகச் சினம் எழுந்தது: எதற்காகக் கடவுளின் பெயரைத் துதிக்க வேண்டும்? எலீயின் முதல் கலகம் தந்தையின் ஜெபத்தைக் கேட்ட நொடியில்தான் பிறந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இதன் பிறகு ஆஷ்விட்ஸின் துணை முகாமான பூனாவில் கழிந்த மாதங்களை நூல் இரு இழைகளாகச் சொல்கிறது. முதல் இழை வழிபாடு. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா மாலையில் ஆயிரக்கணக்கான கைதிகள் கூடி ஆசிமொழி சொன்னபோது எலீ வாய்திறக்கவில்லை. தாம் குற்றம் சாட்டுபவர், கடவுள் குற்றம் சாட்டப்பட்டவர் என்று நின்றார். அந்த ஜெபம் முடிந்ததும் அவர் ஓடியது தந்தையைத் தேடி. சுவரோரம் தோள் கூனி நின்ற தந்தையின் கையைப் பிடித்து முத்தமிட்டார். கண்ணீர்த் துளி ஒன்று அந்தக் கைமேல் விழுந்தது. இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கடவுளுக்குத் தர மறுத்த புத்தாண்டு வணக்கத்தை அவர் தந்தைக்குத் தந்தார் என்று இந்த இடத்தைப் படிக்கிறேன். பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் தந்தை நோன்பு வேண்டாம் என்று சொன்னதாலும், கடவுளின் மௌனத்தை இனி ஏற்பதில்லை என்பதாலும் அவர் சூப்பைக் குடித்தார். அந்த இரு காரணங்களில் தந்தை சொல் முதலில் வருகிறது.

இதே காலத்தில் அவர், துன்பத்தில் கடவுளோடு வாதாடிய விவிலிய மனிதர் யோபுவோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். கடவுள் இருக்கிறார் என்பதை மறுக்கவில்லை, அவருடைய நீதி முழுமையானதா என்றுதான் ஐயுற்றதாகச் சொல்கிறார். நாத்திகம் என்று முத்திரை குத்துபவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தூக்குமேடையில் எடை போதாமல் அரை மணி நேரத்துக்கு மேல் உயிர் ஊசலாடிய ஒரு சிறுவனைப் பார்க்கக் கைதிகள் வரிசையாக நடத்தப்பட்ட காட்சியில், கடவுள் எங்கே என்று பின்னால் ஒருவர் கேட்க, அந்தக் கயிற்றில் தொங்குபவர் அவரே என்ற பதில் எலீயின் உள்ளே எழுகிறது. அந்தப் பதிலைக் கடவுளின் சாவு என்றும் படிக்கலாம், கடவுள் பலியானவரோடு இருக்கிறார் என்றும் படிக்கலாம். வீசல் பின்னாளில் எழுதியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது முதல் வாசிப்பு மட்டும் போதாது.

இரண்டாவது இழை மகனின் கடமை. உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக என்ற கட்டளையை உடைப்பதற்கென்றே முகாமின் ஒழுங்கு கட்டப்பட்டிருந்தது. முதல் நாளே, கழிப்பறை எங்கே என்று பணிவாகக் கேட்ட தந்தையை ஒரு மேற்பார்வையாளன் அறைந்து வீழ்த்தினான். மகன் அசையாமல் நின்றார். நேற்று இதைக் கண்டிருந்தால் பாய்ந்திருப்பேனே என்று தம்மைக் கண்டே திடுக்கிட்டார். பின்னர் ஒருநாள் தந்தை இரும்புக் கம்பியால் அடிக்கப்பட்டபோது, அடிப்பவன்மேல் வரவேண்டிய கோபம் அடியைத் தவிர்க்கத் தெரியாத தந்தைமேல் வந்தது. மகனின் தங்கப் பல்லுறையைப் பறிக்க விரும்பிய மற்றொருவன், அணிவகுப்பில் கால் சேராத தந்தையை நாள்தோறும் அடித்தான். எலீ தந்தைக்கு அணிநடை கற்றுக்கொடுத்துப் பார்த்தார். முடியாமல் கடைசியில் பல்லுறையைக் கொடுத்தார். ஷ்லோமோ சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டதாகத் தெரிந்த காலையில் தம் கத்தியையும் கரண்டியையும் மகன் கையில் திணித்தார். ஒரு தந்தை விட்டுச்செல்லும் சொத்து அவ்வளவுதான். அன்று மாலை அவர் உயிரோடிருந்தார். மகன் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்.

கதீஷ் மீண்டும் ஒருமுறை வருகிறது. அகிபா த்ரூமர் என்ற பக்திமான் நம்பிக்கை தளர்ந்து, சாவுக்கு ஆள் பொறுக்கும் தேர்வில் சிக்கி, மூன்று நாட்களில் எனக்காகக் கதீஷ் சொல்லுங்கள் என்று கேட்டுப் போனார். தோழர்கள் வாக்களித்தார்கள். உணவைவிட அடி அதிகமாகக் கிடைத்த அந்த நாட்களில் அவர்கள் மறந்தே போனார்கள். இதை வீசல் விளக்கமின்றிச் சில வரிகளில் எழுதி நகர்கிறார். முகாம் ஒரு பக்தனிடமிருந்து எதைப் பறித்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று நூலில் இல்லை. இறந்தவரை நினைவுகூரும் ஆற்றலையே அது பறித்திருந்தது.

1945 ஜனவரி

ஜனவரியில் எலீ காலில் அறுவை சிகிச்சை முடிந்து நோயாளர் கூடத்தில் இருந்தார். முகாமைக் காலிசெய்ய உத்தரவு வந்தது. நோயாளிகளோடு தங்கிவிடலாம், தந்தையையும் நோயாளியாகவோ உதவியாளராகவோ சேர்த்துக்கொள்ள முடியும். தங்கினால் கொன்றுவிடுவார்கள் என்ற அச்சத்தில், ஆறாத காலோடு, அவர் வெளியேறுவது என்று முடிவெடுத்தார். ஜனவரி 18 அன்று பனியில் நடைப்பயணம் தொடங்கியது. செஞ்சேனை அங்கே வந்தது ஜனவரி 27 அன்று; தங்கியவர்களில் பலர் பிழைத்தார்கள். சிகெத்தில் தந்தை எடுத்த முடிவைப் போலவே இதுவும் பிரியக் கூடாது என்ற பற்றோடு, தவறான தகவலின்மேல் எடுக்கப்பட்டது. இம்முறை முடிவெடுத்தவர் மகன்.

அந்த ஓட்டத்தில் ரப்பி (யூத சமய குரு) எலியாஹு என்பவர் தம் மகனைத் தேடி வந்தார். மூன்றாண்டுகள் எல்லா முகாம்களிலும் ஒன்றாக இருந்தவர்கள் அவர்கள். தந்தை பின்தங்குவதைக் கண்டும் அந்த மகன் முன்னே ஓடியதைத் தாம் பார்த்தது எலீக்குப் பிறகே நினைவுக்கு வந்தது. அப்போது, தாம் இனி நம்பாத கடவுளிடம், அந்த மகன் செய்ததை ஒருபோதும் செய்யாத வலிமையைத் தா என்று அவருக்குள் ஜெபம் எழுந்தது. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். வழிபாட்டை மறுத்தவர் தந்தைக்காக மட்டும் ஜெபிக்கிறார்; மகனாக இருப்பது ஒன்றே அவரிடம் மிஞ்சிய சமயம்.

அந்த ஜெபம் முழுதாக நிறைவேறவில்லை. நடைப்பயணம் போய்ச் சேர்ந்த கிளைவிட்ஸிலிருந்து திறந்த ரயில் வண்டிகளில் ஜெர்மனியின் புக்கன்வால்ட் முகாமுக்குப் போகும் வழியில், ஒரு துண்டு ரொட்டிக்காகத் தன் தந்தையைக் கொன்ற மகனை அவர் கண்டார். புக்கன்வால்டில் வயிற்றுப்போக்கால் தந்தை சரிந்தபோது, இங்கே தந்தையும் இல்லை சகோதரனும் இல்லை, அவருடைய ரொட்டியையும் நீயே சாப்பிடு என்று கூடத் தலைவன் அறிவுரை சொன்னான். ஒரு நொடி அது சரி என்று தோன்றியதை எலீ மறைக்கவில்லை. தண்ணீர் கேட்டு முனகிய தந்தையின் தலையில் ஓர் அதிகாரி தடியால் அடித்தான். அவர் கடைசியாக அழைத்தது மகனின் பெயரை. ஜனவரி 29 விடியலில் அந்தப் படுக்கையில் வேறொரு நோயாளி கிடந்தார். ஜெபம் சொல்லப்படவில்லை, விளக்கு ஏற்றப்படவில்லை என்று வீசல் பதிவுசெய்கிறார். புக்கன்வால்ட் விடுவிக்கப்பட்டது ஏப்ரல் 11 அன்று.

எழுதியதும் விட்டதும்

நூல் முதலில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் 1956-இல் புவெனஸ் அயர்ஸில் வெளிவந்தது. மூலக் கையெழுத்துப்படி 862 பக்கங்கள். உலகம் மௌனமாக இருந்தது என்பது அதன் தலைப்பு. கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிரான்சுவா மொரியாக்கின் தூண்டுதலால் பிரெஞ்சு வடிவம் உருவானது; அது மிகவும் சுருங்கியது. யிட்டிஷ் வடிவத்தில் பழிச்சினம் வெளிப்படையாக இருந்தது, பிரெஞ்சில் அது உள்ளடங்கியது என்று ஆய்வாளர் நவோமி சைட்மன் 1996-இல் ஒப்பிட்டுக் காட்டினார். தம் மக்களிடம் பேசும்போது ஒரு குரலும் பிறரிடம் பேசும்போது வேறொரு குரலும் வருவது இயல்பே. இரண்டையும் ஒரே மனிதரின் சாட்சியாக வைத்துப் படிக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு நீக்கம். மனைவி மரியன் வீசலின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு 2006-இல் வந்தபோது, முன்பு விட்டுவிட்ட ஒரு பகுதியை வீசல் முன்னுரையில் சேர்த்தார். அருகில் வா, உன்னிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தந்தை புக்கன்வால்டில் தம் கடைசி இரவில் கூப்பிட்டார். அடிக்கு அஞ்சி மகன் போகவில்லை. தந்தை கூப்பிடுவதை நிறுத்தவேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு படுத்திருந்தார். ரப்பி எலியாஹுவின் மகனைக் கண்டு செய்த ஜெபத்துக்கு நேர் எதிரான ஜெபம் இது. தம்மை ஒருபோதும் மன்னிக்கப்போவதில்லை என்று அவர் எழுதுகிறார். கடவுள்மேல் சாட்டிய குற்றத்தை 1958-லேயே உலகறியச் சொல்ல முடிந்த மனிதருக்கு, தம்மேல் சாட்டிய குற்றத்தை நூலின் முகப்பில் வைக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அதன் பின்னும் நீடித்த நம்பிக்கை

விடுதலைக்குப் பின் பிரான்சில் அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தில் சேர்ந்ததும் எலீ மீண்டும் சமய அனுட்டானங்களைக் கடைப்பிடிக்கத் தொடங்கினார். மூத்த சகோதரிகள் இருவரும் உயிரோடிருப்பது தெரியவந்தது. ஹில்டா, செய்தித்தாளில் வந்த ஒரு புகைப்படத்தில் தம்பியைக் கண்டுபிடித்தார். நம்பிக்கை அழிந்ததாக நூலில் எழுதியவர் நடைமுறையில் ஜெபத்துக்குத் திரும்பியதை முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிகெத்தில் தாயும் தாத்தாவும் கற்றுக்கொடுத்த வார்த்தைகளைச் சொல்வதை விட்டுவிட்டால் அவர்களோடு மிஞ்சியிருந்த கடைசித் தொடர்பும் அறுந்துவிடும். 1972-இல் பிறந்த மகனுக்கு ஷ்லோமோ எலிஷா என்று தந்தையின் பெயரையே இட்டார்.

தந்தையின் நினைவுநாள் நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் அதை எவ்வாறு அனுசரிப்பது என்று தெரியாமல் தவிப்பதாக 1960-களில் ஒரு கட்டுரையில் அவர் எழுதினார். அடக்கமின்றிப் போன ஒருவருக்கு, அவரைக் கைவிட்ட கடவுளின் பெயரைத் துதித்துக் கதீஷ் சொல்வதா என்பது அவர் கேள்வி. கட்டுரையின் முடிவில், ஜெபக்கூடத்துக்குப் போவேன், விளக்கேற்றுவேன், கதீஷும் சொல்வேன், அது என் இயலாமைக்கு இன்னொரு சான்றாக இருக்கும் என்கிறார்.

1997-இல், புத்தாண்டும் பாவநிவாரண நாளும் வரும் பருவத்தில், நியூயார்க் டைம்ஸ் இதழில் கடவுளுக்கு நேராகப் பேசும் ஒரு கட்டுரை எழுதினார். சமரசமாகிவிடுவோம் என்று அதில் கேட்கிறார். ஆஷ்விட்ஸ் வானத்திலிருந்து ஆயத்தமாக விழவில்லை, மனிதர்களே அதைத் திட்டமிட்டு நடத்தினார்கள் என்று ஒப்புக்கொண்டு, தாம் கடவுளிடம் அநியாயமாக நடந்துகொண்டோமோ என்றும் எண்ணிப்பார்க்கிறார். தம் பிள்ளைகள் தம் மற்றப் பிள்ளைகளின் கையால் துன்புறுவதைப் பார்த்திருந்த அவருக்கும் வலித்திருக்காதா என்று கேட்கிறார். ஷ்லோமோவின் மகன் தம் அறுபத்தொன்பதாவது வயதில் கடவுளை ஒரு தந்தையின் இடத்தில் வைத்து, அந்தத் தந்தையின் வலியைப் பற்றி விசாரித்த கேள்வி அது.